தாழைக்கோழி எப்படிக் கூப்பிடும்?

ஆக்லாந்து விமான நிலையத்தில் முதலில் மாட்டியது என் செருப்பு. அடியில் வடபழனி மண் ஒட்டியிருந்தது. கையுறை போட்ட ஓர் இளைஞர் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பளபளவென்றிருந்த தரையில் வெறுங்காலோடு நின்றேன். சும்மா நிற்பது எனக்கு எப்போதுமே ஆகாது. இடது காலில் கொஞ்ச நேரம், வலது காலில் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி நின்று, பின்னால் வரிசையில் இருந்த அம்மாளுக்கு எரிச்சலூட்டினேன். கடைசியில் செருப்பு கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. வாங்கிய அன்றுகூட அது அத்தனை சுத்தமாக இருந்ததில்லை.

அடுத்தது பெட்டி. மெட்ராஸிலிருந்து மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த தட்டையான மரப்பெட்டி.

"உள்ளே என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"பறவை" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. பறவை, பழம், விதை என்றால் அந்த நாட்டில் வெடிகுண்டு மாதிரி பார்க்கிறார்கள். "எத்தனை?" என்றார்.

"ஒன்றுதான். ஆனால் நிறைய தடவை."

திறந்து காட்டிய பிறகுதான் சிரித்தார். அடியில் ஒரு கட்டு பென்சில் படங்கள். மேலே அவற்றைப் படியெடுத்து வண்ணம் பூசிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய காகிதம். ஒவ்வொன்றிலும் அதே நீலப் பறவை, சிறகை மட்டும் ஒரு நூலளவு நகர்த்தி வைத்துக்கொண்டு. அவர் ஒரு தாளைத் தொடப் போனார். "தொடாதீங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கையை எடுத்துவிட்டார். சில வார்த்தைகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

வெளியே ஸ்டெல்லா அக்கா காத்திருந்தார். சொந்த ஊர் மன்னார். சண்டைக்குத் தப்பி மெட்ராஸுக்கு வந்து சில வருஷம் வளசரவாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர். இப்போது சான்ட்ரிங்ஹாமில் வீடு. கணவர் பாபகூராவுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறார். ஆறு வயதில் ஷாமினி என்று ஒரு மகள்.

"வாங்கோ பத்மா. களைச்சுப் போனீங்கள் போல கிடக்கு. பெட்டியைத் தாங்கோ, நான் பிடிக்கிறன்."

"வேணாங்க்கா, நானே வச்சுக்கறேன்."

"என்ன, உள்ள பிள்ளையே கிடக்கு?" என்றார்.

ஒரு வகையில் அப்படித்தான். அதில் இருந்தது ஒரு கார்ட்டூன் படத்தின் கடைசிக் காட்சி. கோடை விடுமுறையில் கடலுக்குப் போகும் பிள்ளைகளை எச்சரிக்கும் சின்னப் படம், தொலைக்காட்சிக்காக. ஓர் ஆட்டுக்குட்டி நீந்திக்கொண்டே தூரமாகப் போய்விடுகிறது. கரையில் காவல் நிற்கும் பறவை அதைத் திரும்பக் கூப்பிடுகிறது. குட்டி வந்து சேருகிறது. கதை அவ்வளவுதான். கதையும் குரலும் ஆக்லாந்தில். வரைவதும் வண்ணம் பூசுவதும் மெட்ராஸில், எங்களுக்குக் கூலி குறைவு என்பதால். கேமராவில் பிடிப்பது மறுபடி ஆக்லாந்தில். முன்பு அனுப்பிய ஒரு பெட்டி வழியில் எங்கோ வெயிலில் வெந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் வந்து சேர்ந்தது. அதனால்தான் கடைசிக் காட்சியோடு ஆளையே அனுப்பினார் எங்கள் முதலாளி. கிறிஸ்துமஸ் வந்தால் இந்த ஊரே கடையைச் சாத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அதற்குள் படம் முடிந்தாக வேண்டும்.

அந்தக் காட்சி என்னுடையது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நான் வண்ணம் பூசும் பெண்ணாகத்தான் வடபழனியில் எங்கள் கார்ட்டூன் கூடத்தில் சேர்ந்தேன். பிறகு இடைப்படம் வரைய விட்டார்கள். தலைமை ஓவியர் பறவையின் கை மேலே இருப்பதாக ஒன்று, கீழே இருப்பதாக ஒன்று வரைந்து கொடுப்பார். நடுவில் கை வருகிற வழியை முழுக்க வரைந்து நிரப்புவது என் வேலை. நடிப்பு அவருடையது, நடை என்னுடையது. இந்தத் தடவை அவருக்கு மஞ்சள் காமாலை. "நீயே பண்ணு" என்று முதலாளி கடைசிக் காட்சியைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். கண்ணாடி முன்னால் நின்று, கையை ஆட்டி ஆட்டிப் பார்த்து, நானே நடித்து நானே வரைந்த முதல் காட்சி அது.

பறவையும் எனக்குப் பழக்கம்தான். இங்கே புக்கேக்கோ என்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் தத்தித் தத்தி நடக்கும் நீலத் தாழைக்கோழிக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதே நீலம், அதே சிவப்பு மூக்கு, அதே அசட்டு நடை.

அன்று இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும், ஸ்னாப்பர் என்ற மீனும். மன்னார் மீனின் ருசி இதில் இல்லை என்று அக்கா ஒரு தட்டு முழுக்கக் குறை சொல்லியபடியே சாப்பிட்டார். எட்டு மணி தாண்டியும் ஜன்னலில் வெயில் அடித்தது. வெளிச்சத்தில் எப்படிப் படுப்பது? எழுந்து பெட்டியைப் பார்த்தேன், படுத்தேன், மறுபடி எழுந்தேன்.

"ஏன் இப்படி அந்தரப்படுறீங்கள்?" என்றார் அக்கா. "பெட்டி நடந்து போகாது. படுங்கோ."

மறுநாள் காலை பேருந்துக்காகச் சான்ட்ரிங்ஹாம் பெரிய சாலையில் நின்றேன். தூறல் விழுந்ததால் கம்பத்தை விட்டுத் தள்ளி, ஒரு மளிகைக் கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்தேன். பேருந்து வந்தது. கையை நீட்டி, "வா வா" என்று ஆட்டினேன். நரைத்த மீசை வைத்த ஓட்டுநர் சிரித்த முகத்தோடு எனக்குக் கையை ஆட்டிவிட்டு, நிறுத்தாமல் போய்விட்டார். நம்மூர் ஓட்டுநர்கள் நிறுத்தாமல் போவார்கள்தான். ஆனால் இப்படிச் சிரித்துக் கையும் காட்டிவிட்டுப் போகிற நக்கல் அவர்களுக்குக் கிடையாது. அடுத்த பேருந்து அரைமணி கழித்து. மூக்குக்கு மேல் கோபம்.

நகர மையத்தில், ஒரு சரிவான சந்தில், பழைய துணிக்கிடங்கின் மேல்மாடியில் இருந்தது ஆக்லாந்துக் கூடம். முதலாளி பெயர் கிரஹம். நெடுநெடுவென்று உயரம், அரைக்கால் சட்டை, காலில் ஒன்றுமில்லை. வெறுங்காலோடு ஆபீசில் நடக்கும் ஒரு முதலாளியை அன்றுதான் பார்த்தேன். கழுவி வாங்கிய என் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன், மரியாதைக்கு.

கேமரா நோயெலீன் என்ற அம்மாள் பொறுப்பில். கூரையைத் தொடும் ஓர் இரும்புத் தூணில், கீழே பார்த்தபடி கேமரா தொங்குகிறது. மேஜையில் கடலும் மணலும் வரைந்த பின்னணிப் படம். அதன் மேல் ஆட்டுக்குட்டி வரைந்த தாள், அதன் மேல் பறவை வரைந்த தாள். நகராமல் இருக்க எல்லாத் தாளிலும் ஓரத்தில் துளை. துளைக்குள் மேஜையின் முளைகள். மேலே கண்ணாடியை அழுத்தி, ஒரு கிளிக், இன்னொரு கிளிக். கண்ணாடியைத் தூக்கி, பறவையை மாற்றி, மறுபடி கண்ணாடி. ஒரு விநாடி ஓடப் பன்னிரண்டு படம். நோயெலீன் இதைப் பாத்திரம் கழுவுகிற மாதிரி அலட்டாமல் செய்கிறார். எனக்குப் பார்க்கப் பார்க்கக் கால் துடித்தது.

இந்தத் தொழிலை முதலில் தொடங்கியவர்களுக்கு இந்தக் கண்ணாடித் தாளும் இல்லையாம். பறவை ஓரடி எடுத்து வைத்தால் பின்னால் இருக்கும் மரத்தையும் வீட்டையும் மறுபடி வரைய வேண்டுமாம். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் கண்ணாடி மாதிரித் தாளில் பறவையைத் தனியாக வரையலாம் என்று கண்டுபிடித்து, மரத்துக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்துக் கூடங்களில் ஆண்கள் மேஜையில் உட்கார்ந்து வரைவார்களாம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மை போட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் பூசுவார்களாம். எங்கள் வடபழனியில் தாளும் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை.

படச்சுருளை வீணாக்காமல், முதலில் வீடியோவில் ஓட்டிப் பார்ப்போம் என்றார் கிரஹம். என் காட்சி ஓடியது. நீலக்கோழி மணலில் நின்று, நீண்ட சிறகை முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, இறகுகளை மடக்கி மடக்கி ஆட்டியது. வா, வா, வா. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக ஆடியது. எனக்குப் புல்லரித்தது.

நோயெலீன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அது ஏன் குட்டியைப் போகச் சொல்லுது?"

"போகச் சொல்லலையே. வரச் சொல்லுது" என்றேன்.

கிரஹம் இன்னொரு தடவை ஓட்டினார். "இல்லை, போ என்றுதான் தெரிகிறது. இல்லாவிட்டால் டாட்டா."

பிறகு அவர் எழுந்து, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எனக்குக் காட்டினார். உள்ளங்கையை மேலே திருப்பி, ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி, சுருக்கிச் சுருக்கி. நம்மூர் சினிமாவில் ரவுடி, கதாநாயகனை "வாடா பார்க்கலாம்" என்று கூப்பிடும் விரல் அது. எங்கள் தெருவில் ஒரு பெரியவரைப் பார்த்து அப்படிச் செய்தால் அடி விழும்.

"பிள்ளைகள் படத்தில் இப்படியா? இது சண்டைக்குக் கூப்பிடறது" என்றேன்.

"இங்கே எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுவோம்" என்றார் அவர்.

"எங்க ஊர்ல கோடிக்கணக்கான பேர் என்னை மாதிரி கூப்பிடறோம்."

"அவர்கள் இந்தக் கடலில் குளிப்பதில்லையே, பத்மா."

பேச்சு தடித்தது. நோயெலீன் தேநீர் போடுவதாகச் சொல்லி எழுந்துபோனார். கடைசியில் கிரஹம் சொன்னதன் சாரம் இது: புதன் மாலையோடு நோயெலீன் விடுமுறையில் போகிறார். திங்கள் காலைக்குள் எனக்கு வேறு வழி தோன்றாவிட்டால், அந்தக் காட்சியை நீக்கிவிட்டு, விரலைச் சுருக்கும் பறவையை அவரே வரைந்துவிடுவார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் மூட்டியது.

வெள்ளிக்கிழமை முழுக்க ஊரெல்லாம் சுற்றினேன். மத்தியானம் வாங்கிய இறைச்சி அடைத்த "பை" என்ற பணியாரத்தைக் கடித்ததும் உள்ளே இருந்த கொதிக்கும் குழம்பில் நாக்கு வெந்தது. வெந்த நாக்கோடு, பார்த்தவர்களை எல்லாம் கையால் கூப்பிட்டுப் பார்த்தேன். மூலைக்கடையில் இருந்த குஜராத்திக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "என்ன பென்?" என்று தங்கையைக் கேட்கிற மாதிரி கேட்டார். பேருந்தில் எதிர் இருக்கையில் காதில் சிவப்புப் பூ செருகியிருந்த ஒரு சமோவா அம்மாளைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லும்மா" என்ற மாதிரி முகத்தைப் பார்த்தார். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. செருப்பைக் கழுவிக் கொடுத்த கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அவர்கள் தீவில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். உள்ளங்கையைக் கீழே வைத்து ஆட்டிக் காட்டினார். அச்சு அசலாக என் தாழைக்கோழி.

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தேன். பரவாயில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தூறலில் நடந்தேன். பொதுத் தொலைபேசியிலிருந்து கிரஹமைக் கூப்பிட்டு, குஜராத்தியும் சமோவாவும் என் பக்கம் என்று அறிவித்தேன்.

"நல்லது" என்றார் அவர். "வெள்ளைக்காரப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டாயா?"

போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வீட்டு வாசலில் நின்று ஷாமினியைக் கையாட்டிக் கூப்பிட்டேன். தெருக்கோடியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவள் உடனே திரும்பி வந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். கைக்கு மட்டும் தமிழ் தெரிகிறது. இவளும் இங்கே பிறந்த பிள்ளைதானே என்று என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா எங்களை மிஷன் பே கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மெரினாவில் பாதியில் பாதிகூட இல்லாத மணல். ஆனால் அலை ஏரி மாதிரி அடங்கிக் கிடந்தது. கரையோரம் பொஹூடுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்து, பூவெல்லாம் மணலில் உதிர்ந்திருந்தது. காகிதத்தில் சுற்றிய பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். சுண்டல் இல்லை, பஜ்ஜி இல்லை, குதிரைக்காரன் தொல்லை இல்லை. கடற்பறவைகள்தான் சுற்றி நின்று பங்கு கேட்டன. அக்கா கையில் மிளகாய்த்தூள் பொட்டலம் வைத்திருந்தார். "இதில்லாமல் இவங்கட மீன் வாயில போகாது" என்று தூவிக் கொடுத்தார்.

காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து, கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. முதலில் அதை நான் கவனிக்கவில்லை. ஐந்து வயது இருக்கும், செம்பட்டை முடிப் பையன் ஒருவன் காற்றடித்த வளையத்துக்குள் உட்கார்ந்து காலை அடித்துக்கொண்டிருந்தான். பெற்றவள் கொஞ்சம் தள்ளிக் கைக்குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் மீன் தின்று நிமிர்ந்தேன்; வளையம் தள்ளிப் போயிருந்தது. இன்னொரு வாய் தின்று நிமிர்ந்தேன். அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

எழுந்து ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்று கையை நீட்டி ஆட்டினேன். "வாடா! கண்ணா, வாடா! இங்க வா!"

பையன் என்னைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பாக, கையைத் தூக்கி எனக்கு ஆட்டினான். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அவனும் வேகமாக ஆட்டினான். உள்ளங்கை கீழே, விரல்கள் மடங்கி மடங்கி. இரண்டு கையும் ஒரே மாதிரி ஆடின. நான் வா என்று கூப்பிடக் கூப்பிட, அவன் குஷியாகக் காலை அடித்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"ஐயோ, அவன் டாட்டா காட்டுறான், பத்மா!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார்.

ஷாமினி என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் ஓடினாள். இடுப்பளவில் நின்று, இரண்டு கையையும் அகல விரித்து, கடலையே வாரிக் கட்டிக்கொள்கிற மாதிரி நெஞ்சுக்கு இழுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, மறுபடி விரித்து, மறுபடி வாரி, ஆங்கிலத்தில் திரும்பி வா என்று அலறினாள். பையன் சிரிப்பு நின்றது. திரும்ப முயன்றான். வளையம் அவன் சொல்லைக் கேட்கவில்லை. அப்போதுதான் அவன் அழத் தொடங்கினான்.

ஒரு பெரிய உருவம் எங்களைக் கடந்து போனது. பக்கத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த டோங்காக்காரர், சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நெஞ்சளவு வரை நடந்து, பிறகு நாலைந்து தடவை கையை வீசி, வளையத்தின் கயிற்றைப் பிடித்து, மாட்டைப் பிடித்து வருகிற மாதிரி அலட்டாமல் இழுத்து வந்தார். பையனின் அம்மா ஓடிவந்து அவனை அள்ளிக்கொண்டாள். ஏன் அவ்வளவு தூரம் போனாய், யாரும் கூப்பிடவில்லையா என்று அவள் அழுதுகொண்டே கேட்டதும், அவன் என்னைக் கைகாட்டிச் சொன்னதும் எனக்குக் கேட்டது.

"அந்த ஆன்டி எனக்கு டாட்டா காட்டினாங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் கை இன்னும் முன்னால் நீண்டிருந்தது. அதை மடக்கிப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஷாமினியிடம் கேட்டேன். "அம்மா ஒரு மாதிரி கூப்பிடறாங்க, நீ வேற மாதிரி கூப்பிட்டியே?"

அவள் ஆங்கிலத்தில், இது தெரியாதா என்கிற முகத்தோடு சொன்னாள்: "அது வீட்டுக்கு. பள்ளிக்கூடத்துல அப்படிக் கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க."

திங்களன்று கிரஹமுக்கு முன்பே போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும், "என் காட்சியைத் தூக்கிடுங்க. ஆனா உங்க விரலும் வேணாம்" என்றேன். கடற்கரையில் நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னேன் பார்த்தாயா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் ஏறியிருப்பேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நடித்துக் காட்டு" என்றார்.

கூடத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, வாரி, நெஞ்சோடு சேர்த்து, பின்னால் சாய்ந்தேன். நோயெலீன் பார்த்தார். "வரச் சொல்லுது" என்றார். மாடி பெருக்க வந்திருந்த வேறொரு சமோவா அம்மாளை நிறுத்தி, அவருக்கும் செய்து காட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வேறு சோதனை தேவைப்படவில்லை.

ஆட்டுக்குட்டியும் கடலும் தனித்தனித் தாளில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பறவையை மட்டும் புதிதாக வரைய வேண்டும். முழுவதற்கும் நேரம் கிடையாது. ஒரு தடவை வாரி அணைப்பதை மட்டும் வரைந்து, அதே தாள்களை வரிசை மாற்றாமல் மூன்று தடவை பிடித்தால் பறவை மூன்று தடவை கூப்பிடும். இந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்து எல்லாரும் செய்கிற சிக்கனம்தான். விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் தாளை முளையில் மாட்டி, நான் முக்கிய நிலைகளை வரைந்தேன். சிறகு விரிந்தது ஒன்று, வாரியது ஒன்று, உடம்பு பின்னால் சாய்ந்து ஒரு கால் மணலில் ஊன்றியது ஒன்று. நடுவில் வருபவற்றை வரைய ஆள்?

"கொடு" என்றார் கிரஹம்.

அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, என் படங்களுக்கு நடுவில் வரையத் தொடங்கினார். விரலிடுக்கில் தாள்களைச் செருகிப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, மூக்கை நீட்டமாக வரைந்துவிட்டுக் கெட்ட வார்த்தை சொல்லி அழித்தார். நான் எட்டிப் பார்த்து, "இந்தச் சிறகு மெதுவா வரணும் சார், கனமா இருக்கு, தண்ணியை வாருது" என்றேன். "சரி" என்றார். இத்தனை வருஷத்தில் என் படத்துக்கு நடுவில் ஒரு முதலாளி வரைவது இதுவே முதல் தடவை. வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செவ்வாயன்று மை போட்டோம். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நீலமும் சிவப்பும் பூசினோம் நானும் நோயெலீனும். ஒரு தாளில் மதியம் சாப்பிட்ட ரொட்டித்துணுக்கு ஒட்டி, கோழிக்கு மச்சம் முளைத்தது. கழுவி மறுபடி பூசினேன். வண்ணம் காயும்வரை உட்கார முடியாமல் துறைமுகம் வரை நடந்து போய்த் திரும்பினேன். வந்து பார்த்தால் காயவில்லை. மறுபடி நடந்தேன். புதன்கிழமை மாலை வெயில் சாயும் முன் கடைசிக் கிளிக் விழுந்தது. நோயெலீன் கேமராவுக்கு உறை போட்டு மூடி, கடற்கரைக்குப் போகும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பி, இரண்டு கையாலும் காற்றை வாரிக் காட்டிவிட்டுப் போனார்.

புறப்படும்போது கிரஹம் பழைய காட்சியின் பென்சில் படக் கட்டை என்னிடம் கொடுத்தார். "இதில் தப்பு ஒன்றும் இல்லை" என்றார். தலையைக் குனிந்து அதைப் பெட்டிக்குள் வைத்தேன்.

விமான நிலையத்தில் ஸ்டெல்லா அக்கா ஒரு பொட்டலம் புட்டைக் கட்டிக் கையில் திணித்தார். "இனியாவது கொஞ்சம் இருந்து மூச்சு விடுங்கோ" என்றார். ஷாமினி எனக்கு டாட்டா காட்டினாள். அந்தக் கை ஆடுவதை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

சிங்கப்பூரில் மாறி மெட்ராஸ் விமானத்தில் ஏறியதும் சுற்றிலும் தமிழ்ச் சத்தம். நடைபாதைக்கு அந்தப் பக்கம் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, காது வலிக்கிறது என்று விடாமல் அழுதுகொண்டிருந்தது. தாய் பிஸ்கட் காட்டினாள், மிரட்டினாள், கெஞ்சினாள். எனக்கும் உட்கார முடியவில்லை. வேறு ஒன்றும் தோன்றாமல், பெட்டியிலிருந்து அந்தப் பென்சில் படக் கட்டை எடுத்து மடியில் வைத்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தாள்களைச் சரசரவென்று விட்டேன். பென்சில் தாழைக்கோழி சிறகை நீட்டி, இறகுகளை மடக்கி மடக்கி ஆட்டியது.

அழுகை நின்றது. குழந்தை இருக்கையிலிருந்து சறுக்கி இறங்கியது. நடைபாதையைத் தாண்டி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏய், எங்கடி போற?" என்றாள் தாய்.

"அது கூப்பிடுதும்மா" என்றது குழந்தை.

நான் கட்டைத் தட்டி அடுக்கி, முதலிலிருந்து மறுபடி விட்டேன்.